ஜாகுவார் இ-டைப் கூபே: விலை ஏன் ஒத்துவரலன்னு கண்டுபிடிச்ச கதை

இங்கிலாந்துல கோவென்ட்ரி பக்கம் ஒரு ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் பாத்தேன், 4.2 லிட்டர் சீரிஸ் 1 கூபே (மேல்கூரை மூடின வகை), 1966 மாடல். விக்கிறவர் "மேட்சிங் நம்பர்ஸ்"னு, அதாவது ஃபேக்டரில போட்ட அதே ஒரிஜினல் இன்ஜின்தான்னு சொன்னார், ஆனா மதிப்பு போட வந்த ரெண்டு பேர் சொன்ன தொகையும் எங்கெங்கயோ நின்னுச்சு.

முதல்ல பழைய பில்லெல்லாம் புரட்டினேன், பிரயோஜனமில்ல. ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் சர்டிஃபிகேட் (ஃபேக்டரி பதிவுகள்ல இருந்து தர்ற சான்று) எடுத்தா, அதுல இருந்த இன்ஜின் நம்பர் பானெட்டுக்குள்ள இருக்கிற பிளேட்டோட அப்படியே ஒத்துப்போச்சு, சிலிண்டர் ஹெட் (இன்ஜினோட மேல் மூடி பாகம்) முன்பக்கம் குத்தியிருந்ததும் அதேதான். ஆனா பிளேட்டு புதுசாவே அடிச்சு விக்கிறாங்க, ஹெட்டையும் கழட்டி மாத்தலாம், அதனால இது ரெண்டும் சாட்சி ஆகாது.

பிளாக்ல, அதாவது இன்ஜினோட அடிப்படை உடம்புல இருக்கிற நம்பர்தான் முக்கியம், அது வலது பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேல, கார்புரேட்டருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. அங்க பெயின்ட் தடிமனா இருந்துச்சு. தின்னர் போட்டு துடைச்சு, டார்ச்சும் சின்ன கண்ணாடியும் வச்சுப் பாத்தா இந்த காருக்கு 7E-ன்னு ஆரம்பிக்க வேண்டியது 7L-ன்னு இருக்கு, அதாவது ஜாகுவாரோட வேற மாடலான எக்ஸ்ஜே6 செடான் இன்ஜின் பிளாக்! அப்பாடான்னு இருந்துச்சு. நல்லா ஓடுற இன்ஜின்தான், ஆனா ஒரிஜினல் விலை தர முடியாது. போட்டோவ காமிச்சேன், விலைய குறைச்சார், வாங்கிட்டேன்.