நெருக்கடியான நாளுக்கு ஒரு நலத் திட்டம்: உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒரே தாளில்

நாளை முதல் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடை, அரை மணி தியானம், இரவு பழம் மட்டும். இப்படி ஒரு திட்டத்தை நம்மில் பலரும் போட்டிருப்போம். இந்த மாதிரித் திட்டங்கள் விடுமுறை நாளை மனதில் வைத்துப் போடப்படுபவை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் மாதக் கடைசி வேலை, திடீரென்று வந்து நிற்கும் உறவினர்கள் என்று ஒரு நாள் வந்தால் போதும், அன்றோடு நின்றுவிடும்.

அதனால் ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாரத்தில் எது மிக நெருக்கடியான நாளோ, அந்த நாளுக்குத் திட்டம் போடுங்கள். அன்றைக்குச் செய்ய முடிந்ததை மற்ற நாட்களிலும் செய்துவிடலாம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த விதியிலிருந்துதான் வருகின்றன.

தேவைப்படுபவை: ஒரு நோட்டு, பேனா, தையல் டேப், சுவரில் மாட்டும் மாதக் காலண்டர். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

விளக்குவதற்கு ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். 45 வயதுப் பெண். வீடு சிட்லபாக்கத்தில், அலுவலகம் எழும்பூரில். தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறிப் போய்வருகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன், வயதான மாமியார், இரண்டு வேளைச் சமையல்.

படி 1: இருக்கிற நாளை அப்படியே எழுதுங்கள்

எப்படி இருக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நம் உதாரணப் பெண்ணின் திங்கட்கிழமை இது: 5.15க்கு எழுந்து பால் காய்ச்சுதல், இட்லி, டிபன் பாக்ஸ், குளியல், சாமி விளக்கு, ஷேர் ஆட்டோ, 8.10 ரயில். மாலை 6.30 ரயில், மறுபடி ஷேர் ஆட்டோ, வந்ததும் ஒரு ஃபில்டர் காபி, சமையல், பையனின் பாடம், மாமியாரின் மாத்திரை, அப்புறம் படுக்கையில் போன். தூங்கும்போது 11.30.

இப்போது இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். முதலாவது தூக்கம். 11.30 முதல் 5.15 வரை ஆறு மணி நேரம்கூட இல்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். இந்த நிலையில் நாலரை மணிக்கு எழுந்து யோகா செய்யலாம் என்று முடிவெடுத்தால், இருக்கிற தூக்கமும் போய்விடும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், எரிச்சல் கூடும், மறுநாள் நடக்கவும் தோன்றாது. ஆறு மணி நேரத்துக்குக் கீழே தூங்குபவர் யாராக இருந்தாலும், அவருடைய திட்டம் தூக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, யோசிக்காமலே தினமும் நடந்துவிடும் செயல்கள். இட்லிப் பானை அடுப்பில் ஏறுவது, விளக்கேற்றுவது, ரயிலில் உட்காருவது, மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது. இவற்றை வட்டமிட்டு வையுங்கள். புதிதாகச் சேர்ப்பதை இவற்றின் மேல்தான் மாட்டப் போகிறோம்.

படி 2: நான்கு அளவுகள்

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். அந்த முந்தைய நிலை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் தொடங்கும் முன் அளக்கச் சொல்கிறேன்.

இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப் வையுங்கள். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை. எடையை விட இந்த எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வந்த உடல்வாகு நம்மிடம் அதிகம். எடை இயந்திரம் அதைக் காட்டிக் கொடுக்காது.

இரத்த அழுத்தம்: 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை: வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை, அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் முந்தைய நிலை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது அளவுக்குக் கருவி கிடையாது. கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருந்ததா? வழக்கமாகப் பிடித்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், இந்தத் தாளோடு நிற்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இன்றைக்கே, இப்போதே கூப்பிடுங்கள்.

படி 3: உடலுக்கு ஒன்று

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. மிதம் என்பதற்கு எளிய சோதனை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

நம் உதாரணப் பெண்ணிடம் நடைக்கென்று தனி நேரம் இல்லை. ஆனால் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் ஷேர் ஆட்டோ இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் வேகமாக நடந்தால், ஐந்து வேலை நாளில் 150 நிமிடம் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்: மழை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம். சாப்பிட்டதும் நடப்பதில் தனிப் பலன் உண்டு. வேலை செய்யும் தசைகள் இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றம் குறைகிறது.

தசைப் பயிற்சியை நம் வீடுகளில் பெண்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வேகமாகத் தேய ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் உடலைத் தாங்க வேண்டியது தசைதான். ஜிம் தேவையில்லை. இட்லி வேகும் பத்து நிமிடத்தில் நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுதல் 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10 முறை, குதிகாலை உயர்த்தி இறக்குதல் 10 முறை. நேரமிருந்தால் இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு நாள் போதும். மூட்டு வலியோ நெஞ்சு வலியோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு முழு அட்டவணை போடாதீர்கள். குடும்பமே ஒரு பானையில் சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் ஒரு வாரம்கூட ஓடாது. ஒரே மாற்றம்: தட்டில் பாதி இடம் பொரியலுக்கும் கூட்டுக்கும் கீரைக்கும், மீதியில் சோறும் பருப்பும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

படி 4: மனதுக்கு ஒன்று

இரண்டு வழி சொல்கிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. அதனால் வெளிமூச்சை நீட்டினால் உடம்பின் பரபரப்பு அடங்குகிறது. ரயிலில் இடம் கிடைத்ததும் ஐந்து நிமிடம். கண்ணை மூட வேண்டும் என்றுகூட இல்லை.

இரண்டாவது எழுத்து. படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை நோட்டில் எழுதிவிடுவது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், அன்றைக்கு முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட மறுநாள் வேலைகளை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். மனம் அசைபோட்டுக்கொண்டிருப்பது முடியாத வேலைகளைத்தான்.

இதோடு தூக்கத்துக்கு இரண்டு சிறு மாற்றம். போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள். அப்புறம் அந்த மாலைக் காபி. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 7.30க்குக் குடித்தால் நள்ளிரவு தாண்டியும் பாதி உள்ளேயே இருக்கும். அந்தக் காபியை மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் மோரோ சுக்குத் தண்ணீரோ குடியுங்கள்.

படி 5: ஆன்மாவுக்கு ஒன்று

இந்த இடத்தில்தான் பலரும் திகைத்து நிற்பார்கள். பக்தி உள்ளவர், "நான்தான் தினமும் சாமி கும்பிடுகிறேனே" என்பார். நம்பிக்கை இல்லாதவர், "எனக்கு இது எதற்கு" என்பார். இருவருக்கும் நான் தரும் கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளில் எந்தச் செயல் உங்களை உங்கள் கவலைகளை விடப் பெரிய ஒன்றோடு சேர்க்கிறது?

சிலருக்கு அது தொழுகை. சிலருக்கு ஜெபம், சிலருக்குத் தேவாரம் பாடுவது. சிலருக்குச் செடிக்குத் தண்ணீர் விடுவது, யாருக்காவது படிக்கச் சொல்லிக்கொடுப்பது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அன்னதானம் நடக்கிறது. பசித்தவருக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று நினைப்பவர்களுக்கு அதுவே பாதை. இதில் உயர்வு தாழ்வு பார்க்கத் தேவையில்லை.

ஏற்கெனவே ஒன்றைச் செய்பவர்கள் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். இருப்பதை நிதானமாகச் செய்தால் போதும். நம் உதாரணப் பெண் தினமும் விளக்கேற்றுகிறார், ஆனால் மனம் முழுக்க 8.10 ரயிலில் இருக்கிறது. ஏற்றியதும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தெரிந்த பாட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு எழுவது. அவருக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று: நம் வழக்கங்கள் பலவற்றில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அது நடையும் வழிபாடும் அமைதியும் ஒன்றாக அமைந்தது. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போவதும் அப்படித்தான். ஆறு மாதம் கழித்து இப்படி ஒரு நடை என்று குறித்துவைத்தால், தினசரி 15 நிமிடத்துக்கு ஒரு நோக்கம் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நீண்ட தூரம் நடக்காதீர்கள். காயம் பட்டதே தெரியாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் விரதமோ நோன்போ தொடங்கும் முன் டாக்டரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் பேசிவிடுங்கள்.

படி 6: தாளில் எழுதுங்கள்

"தினமும் நடப்பேன்" என்பது ஆசை. எது முடிந்ததும், எங்கே, என்ன என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். நம் உதாரணத் தாள் இப்படி வரும்:

செருப்பு போட்டதும், ஆட்டோ நிற்கும் இடத்தைத் தாண்டி ஸ்டேஷன் வரை நடப்பேன்.
செவ்வாய், வெள்ளி இட்லிப் பானை ஏற்றியதும் சமையலறையிலேயே தசைப் பயிற்சி செய்வேன்.
விளக்கேற்றியதும் இரண்டு நிமிடம் அங்கேயே உட்காருவேன்.
மாமியாருக்கு மாத்திரை கொடுத்ததும் போனை ஹாலில் வைத்துவிட்டு, நாளைய வேலையை எழுதி, 10 மணிக்குப் படுப்பேன்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் நெருக்கடி நாள் அளவையும் எழுதுங்கள். நடை என்றால் பாதி தூரம். பயிற்சி என்றால் ஐந்து முறை. விளக்கு என்றால் மூன்று மூச்சு. தூக்கம் என்றால் 10.30. இதைச் செய்தாலும் அந்த நாள் முழு நாள்தான், காலண்டரில் முழு டிக் போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வாக்கியம் மட்டும். இவருக்கு அது கடைசி வாக்கியம், தூக்கம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விட்டால் மறுநாள் தொடருங்கள், ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யாதீர்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். இது பெண்களுக்கு மிகவும் முக்கியம். பத்து மணிக்குப் படுப்பது ஒருவர் தனியாக எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. இரவுப் பாத்திரத்தை யார் தேய்ப்பது, பையனின் பாடத்தை யார் பார்ப்பது என்பதும் திட்டத்தின் பகுதி. தாளில் அவர்கள் பெயரையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்.

படி 7: எப்போது திருத்துவது

நான்கு வாரத்துக்கு ஒருமுறை காலண்டரைப் பாருங்கள். பாதிக்கும் குறைவாக டிக் விழுந்த வாக்கியம் இருந்தால், அதை மாட்டிய இடமோ நேரமோ தவறு. அளவைக் குறையுங்கள், இல்லையென்றால் வேறு செயலுக்குப் பின்னால் மாற்றுங்கள். எல்லாம் நன்றாகப் போனால் நடையில் ஐந்து நிமிடம் கூட்டலாம்.

இடுப்பளவை மாதம் ஒருமுறை, அதே இடத்தில், காலையில் சாப்பிடும் முன் எடுங்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை என்பதால், அதை முதல் மாதமே திரும்ப எடுப்பதில் பயனில்லை. தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி, அந்தத் தேதியைக் காலண்டரில் இன்றே வட்டமிட்டுவிடுங்கள்.