அக்டோபரில் கிரீட் தீவு: குழந்தைகளுடன் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி நாட்காட்டிதான் பயண நாட்காட்டி. கோடை விடுமுறை பெரும்பாலும் ஊருக்குப் போவதிலும் உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் கரைந்துவிடுவதால், வீட்டார் மட்டும் சேர்ந்து ஓய்வெடுக்க எஞ்சுவது இலையுதிர்கால விடுமுறை ஒன்றே. அந்த ஒரு வாரத்திற்கு மத்தியதரைக் கடலில் இடம் தேடுவோருக்கு நான் முதலில் சொல்வது கிரேக்கத்தின் கிரீட் தீவைத்தான். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளும் இத்தீவு நாட்டின் தென்கோடியில் இருப்பதால், வடக்கே குளிர் இறங்கிவிட்ட பிறகும் இங்கே கடலில் குளிக்க முடிகிறது. ஆயினும் கோடைக்கு இடம் பிடிப்பது போலவே அக்டோபருக்கும் பிடித்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்த வாரம், எந்த ஊர் என்ற இரண்டையும் சரியாகத் தேர்ந்துகொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதலில் வாரத்தைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் பல மாநிலங்களிலும் ஜெர்மனியின் சில பகுதிகளிலும் அக்டோபரின் முற்பாதியிலேயே விடுமுறை வந்துவிடுகிறது. அப்போது கடல்நீரின் வெப்பம் 24 பாகையை ஒட்டியிருக்கும். சூரியன் மாலை 7 மணியளவில்தான் மறையும். இங்கிலாந்துப் பள்ளிகளின் அரைத்தவணை விடுமுறையோ பெரும்பாலும் மாதக் கடைசியில் வருகிறது. கடல் அப்போதும் 22 பாகை அளவில் இருக்கும் என்றாலும், மழை நாட்கள் கூடத் தொடங்கும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், அதன்பின் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். அதோடு, கடற்கரை விடுதிகளில் பல அந்த மாத இறுதியுடன் பருவத்தை முடித்துக் கதவைச் சாத்திவிடுகின்றன. கடைசி வாரத்தில் செல்வோர் கடலையே முழுதாக நம்பாமல், பாதி நாளைக் கடலுக்கும் பாதி நாளை ஊருக்கும் பிரித்துத் திட்டமிடுவது நல்லது.

அதனால்தான் ஊரைத் தேர்வதில் நான் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன். ஹெர்சோனிசோஸ், மாலியா போன்ற வடகரை ஊர்கள் பெரிதும் கோடைப் பயணிகளை நம்பி வளர்ந்தவை. பருவம் முடியும் தறுவாயில் அங்கே கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, விடுதியை விட்டு வெளியே வந்தால் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று தெரியாமல் போகும். மாறாக ரெத்திம்னோ, ஹனியா, ஆயியோஸ் நிக்கோலாவோஸ் ஆகியவை ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் நகரங்கள். இவற்றுள் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு என் தேர்வு ரெத்திம்னோ. பழைய நகரை ஒட்டியே தொடங்கும் மணற்கரை கிழக்கே பல கிலோமீட்டர் நீள்கிறது. அதன் ஓரமாகவே விடுதிகள் வரிசையாக உள்ளன. கிரீட் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இங்கே இருப்பதால் இலையுதிர்காலத்தில் மாணவர்கள் திரும்பிவர, தெருக்களும் தேநீர்க் கடைகளும் களைகட்டியே இருக்கும். மழை பிடித்துக்கொண்டாலும், வெனிஸ் ஆட்சிக்காலக் கட்டடங்களுக்கு இடையே செல்லும் குறுகிய சந்துகளில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம். மழை விட்டதும் ஃபோர்டெஸா கோட்டையின் மதில் மேல் நின்று கடலைப் பார்க்கலாம். விடுதியை முடிவு செய்யும்போது அதற்கும் பழைய நகருக்கும் உள்ள தொலைவை வரைபடத்தில் அளந்து பாருங்கள். தள்ளுவண்டியுடன் அரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தொலைவே சரியானது.

விமானம் ஹெராக்லியோனிலும் இறங்கலாம், ஹனியாவிலும் இறங்கலாம். முன்னது ரெத்திம்னோவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர், பின்னது அதைவிடச் சற்றுக் குறைவு. வடகரை நெடுஞ்சாலையில் கேடெல் பேருந்துகள் இந்நகரங்களை இணைத்து ஓடுவதால் வாரம் முழுவதற்கும் வாடகைக் கார் தேவையில்லை. இரண்டு மூன்று நாட்களுக்கு எடுத்தால் போதும். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போருக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். குழந்தை இருக்கையை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நீச்சல் குளத்து நீரை அக்டோபரில் சூடாக்குகிறார்களா என்று கேட்பது மிக அவசியம். கோடை முழுதும் வாங்கிய வெப்பத்தைக் கடல் மெதுவாகவே விடும். ஆழமில்லாத குளமோ ஓரிரு குளிர்ந்த இரவுகளிலேயே ஆறிவிடும். ஆகவே சூடாக்காத குளத்தைவிடக் கடலே இதமாக இருக்கும் என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. சிறுவர் மன்றமும் நீர்ச்சறுக்குகளும் எந்தத் தேதி வரை இயங்கும், குடும்ப அறையில் குழந்தைகள் தூங்குமிடம் கதவால் பிரிக்கப்பட்டதா அல்லது திரைதானா என்பவற்றையும் அதே மடலில் கேட்டுவிடலாம். உணவைப் பொறுத்தவரை, மூன்று வேளையும் பானங்களும் அடங்கிய திட்டத்தைவிடக் காலை உணவும் இரவு உணவும் மட்டும் அடங்கிய திட்டமே இப்பருவத்திற்குப் பொருந்தும். வெயில் கடுமையாக இராததால் நண்பகலில் நீங்கள் வெளியில்தான் இருப்பீர்கள். அறை வாடகைக்கு மேல், அரசு விதிக்கும் இரவுக்கட்டணம் ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி அக்டோபரில் நான்கு நட்சத்திர விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோவும் ஐந்து நட்சத்திர விடுதியில் 15 யூரோவும் ஆகும். இதைப் பெரும்பாலும் விடுதியிலேயே கட்ட வேண்டியிருக்கும்.

ஆவணங்களில் கவனம் சிதறக்கூடாது. ஷெங்கன் நாடொன்றின் வதிவிட அனுமதி உள்ளவர்கள் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டுடன் கிரேக்கம் செல்லத் தனி விசா தேவையில்லை. பிரித்தானிய வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர்களுக்குத் தேவை. ஒரே குடும்பத்தில் பிள்ளைகள் பிரித்தானியக் கடவுச்சீட்டும் தாய் தந்தையரில் ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பது நம்மிடையே வழக்கம் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு, உள்ளே நுழையும் நாளில் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவுமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதில் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை எடுப்பதில்லை, முகப்படம் மட்டுமே. வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் கொண்டு, பிள்ளைகளுக்குத் தின்பண்டங்களைக் கைப்பையில் வைத்திருங்கள்.

வெளியில் செல்லும் நாட்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். தவறவிடக்கூடாத ஒரு நாள் ஹெராக்லியோனுக்கு உரியது. நகரின் தெற்கே ஐந்து கிலோமீட்டரில் உள்ள பண்டைய க்னொஸோஸ் அரண்மனையைப் பிரித்தானியத் தொல்லியலாளர் ஆர்தர் இவான்ஸ் 1900இல் அகழத் தொடங்கினார். இன்று அங்கே சுவரில் தெரியும் ஓவியங்கள் நகல்களே. ஆகவே நகரிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு அரண்மனைக்குச் செல்வதே என் பரிந்துரை. மூலத்தைக் கண்ட கண்களோடு சென்றால்தான் பிள்ளைகளுக்கு அந்த இடிபாடுகள் பொருள்படும். அருங்காட்சியகத்தில் மாலியா அருகே கிடைத்த தங்கப் பதக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு தேனீக்கள் எதிரெதிராக வளைந்து, நடுவில் ஒரு தேன்துளியைத் தாங்கி நிற்கும் அப்பதக்கம் ஒரு குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவே. அதன் இறகுகளில் உள்ள நுணுக்கத்தை, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் கையால் செய்தது என்று சொல்லிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் கண்ணாடிப் பெட்டியை விட்டு எளிதில் நகராது.

சிறு பிள்ளைகளுக்கு ரெத்திம்னோவிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய கூர்னாஸ் நன்னீர் ஏரி ஏற்றது. மிதிபடகு ஓட்டி, ஆமைகளையும் வாத்துகளையும் பார்த்துவிட்டு வரலாம். கிழக்கே தங்குவோர் எலூந்தாவிலிருந்தோ பிளாக்காவிலிருந்தோ படகேறி ஸ்பினலோங்கா தீவைக் காணலாம். வெனிஸ் கோட்டையாக இருந்து, 1957 வரை தொழுநோயாளர் குடியிருப்பாக விளங்கிய இடம் அது. 16 கிலோமீட்டர் நடக்க வேண்டிய சமரியா பள்ளத்தாக்கைச் சிறுவர்களுடன் முயல வேண்டாம். இளஞ்சிவப்பு மணலுக்குப் பெயர்பெற்ற எலஃபோனிசி கடற்கரை அழகானதுதான். ஆனால் ரெத்திம்னோவிலிருந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் போக மட்டுமே இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

சைவ உணவு உண்போர் கிரீட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளித் துருவலும் மிஸித்ரா பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த டாக்கோஸ், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சுக்கினி சேர்த்து அடுப்பில் வேகவைத்த பிரியாம், வெந்த கீரையில் எலுமிச்சை பிழிந்த ஹோர்த்தா ஆகியவை பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். சோறு அடைத்த தக்காளியான ஜெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்திறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சாப்பிட்டு முடிந்ததும் பழத்தட்டோ இனிப்போ, ஒரு சிறு குப்பி ராக்கியும் கேட்காமலே மேசைக்கு வரும். அதற்குக் கட்டணம் இல்லை. குப்பியில் இருப்பது நீரைப் போலத் தெளிந்த மது என்பதால், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி உடனே தள்ளி வைத்துவிடுங்கள்.

பருவ இறுதியில் கரையோரக் காவலர்கள் குறைந்துவிடுவதால், அலை எழும்பும் நாட்களில் பிள்ளைகளை முழங்காலளவு நீருக்கு அப்பால் விடாதீர்கள். சிவப்புக் கொடி பறந்தால் யாருமே இறங்கக்கூடாது. முதல் பெருமழையில் வறண்ட ஓடைகள் சட்டென்று பெருக்கெடுக்கும். சாலையின் குறுக்கே நீர் ஓடினால் காரை இறக்காமல் திரும்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

உங்கள் வாரத்தில் அக்டோபர் 28 வந்தால் அன்று தேசிய விடுமுறை. 1940இல் இத்தாலியின் இறுதி எச்சரிக்கையை கிரேக்கம் மறுத்த நாள் என்பதால் பள்ளி மாணவர்கள் கொடியேந்தி அணிவகுப்பார்கள். அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் நுழைவு இலவசம். கடைகள் பலவும் மூடியிருக்கும் என்பதால், பால், பழம், குழந்தைக்கான அணையாடைகள் போன்றவற்றை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டு, காலையிலேயே நகருக்குள் சென்று அணிவகுப்புக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.