உங்கள் அணிக்குப் புது டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் யார்? நாமே அலசிப் பார்க்கும் முறை

ஜனவரி பிறந்ததும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் பயிற்சியாளர் மாற்றங்கள் வரிசைகட்டும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் ஊரே பேசும். அணியின் தற்காப்பை நடத்தும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது நாம் சுருக்கமாக டிசி என்று சொல்லும் ஆள் மாறினால் இரண்டு நாள் பேச்சோடு சரி. ஆனால் அடுத்த டிசம்பரில் உங்கள் அணி எந்த நிலையில் இருக்கும் என்பது பெருமளவு அந்த ஆளைப் பொறுத்தது.

நான் பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகன். 2022 முதல் 2024 வரை மூன்றே சீசனில் நான்கு பேர் எங்கள் தற்காப்பை நடத்தினார்கள்: ஜோனதன் கேனன், ஷான் தேசாய், மேட் பட்ரிசியா, விக் ஃபேஞ்சியோ. ஒரு சூப்பர் பவுல் தோல்வி, ஒரு சரிவு, ஒரு சூப்பர் பவுல் வெற்றி என்று எல்லாமே அதில் அடக்கம். இதைவிட நல்ல பாடம் வேறு அணியில் கிடைக்காது. அந்த மூன்று சீசனையும் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு டிசி பட்டியல் வெளியானால் அதை எப்படி அலசுவது என்று எனக்கென ஒரு முறை வைத்திருக்கிறேன். டவுன், யார்டு, சாக், பிளிட்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நாற்காலி ஏன் காலியானது?

ஆட்களின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இதற்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். இருந்தவர் பதவி உயர்ந்து போனாரா, துரத்தப்பட்டாரா?

2022 சீசனில் கேனனின் தற்காப்பு 70 சாக் எடுத்தது, ஈகிள்ஸ் வரலாற்றிலேயே அதிகம். 2023 பிப்ரவரி 12 அன்று சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்றோம். அடுத்த சில நாளில் அவர் அரிசோனா கார்டினல்ஸின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். இப்படிக் காலியானால் உங்களுக்கு வேண்டியது தொடர்ச்சி. அதே முறையை இன்னும் நன்றாக நடத்தும் ஆள். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சூப்பர் பவுல் வரை போகும் அணிக்கு ஆள் தேடும் நேரம் பிப்ரவரி நடுவில்தான் தொடங்குகிறது. மற்ற அணிகள் அதற்குள் நல்லவர்களைக் கூட்டிப்போய்விடும். ஃபேஞ்சியோ அந்த சூப்பர் பவுலுக்கு முன்பு எங்கள் அணிக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர். ஆனால் கேனன் கிளம்புவதற்கு முன்பே மயாமி டால்ஃபின்ஸ் அவரைப் பிடித்துவிட்டது.

2024 ஜனவரியில் நிலைமையே வேறு. 10-1 (பத்து வெற்றி, ஒரு தோல்வி) என்று தொடங்கிய அணி, கடைசி ஏழு ஆட்டத்தில் ஆறில் தோற்று, டாம்பாவில் 32-9 என்று வீடு திரும்பியது. அந்த சீசனில் புள்ளி விட்டுக்கொடுத்ததில் 32 அணிகளில் 30ஆம் இடம். இங்கே தொடர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதே படியில் இன்னொன்றையும் கேளுங்கள்: புதியவர்தான் பிளே கால் செய்வாரா, அதாவது ஒவ்வொரு பிளேக்கும் எந்தத் திட்டம் என்று அவர்தான் சொல்வாரா? சியாட்டிலில் தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்டானல்டே தற்காப்புக்கு பிளே கால் செய்கிறார், எய்டன் டர்டிதான் டிசி. அங்கே டிசிக்கு வேண்டிய திறமை வேறு. எங்கள் நிக் சிரியானி தாக்குதல் பக்கத்திலிருந்து வந்தவர். அப்படிப்பட்ட அணியில் டிசி என்பவர் தற்காப்புக்கே ஒரு தலைமைப் பயிற்சியாளர் மாதிரி. யாரிடமும் கேட்காமல் தானே முடிவெடுத்துப் பழகியவர் வேண்டும்.

2. கையில் யார் இருக்கிறார்கள்?

அணிப் பட்டியலை எடுத்து, அடுத்த சீசனிலும் ஒப்பந்தத்தில் இருக்கும் தற்காப்பு ஆட்டக்காரர்களை மட்டும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே வயது. அவ்வளவு போதும்.

2024 தொடக்கத்தில் எங்கள் பட்டியலில் நடுவில் ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ் என்று இரண்டு இளம் மலைகள். ஓரத்தில் ஜோஷ் ஸ்வெட். பின்னால் டேரியஸ் ஸ்லே, ஜேம்ஸ் பிராட்பெரி, இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் பக்கம் கிட்டத்தட்ட காலி. ஃபேஞ்சியோவின் முறையில் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில் நிற்பார்கள், முன்னால் ஆள் குறைவு. எனவே முன்வரிசை நான்கு பேரே ஓட்டத்தையும் தடுக்க வேண்டும், எதிரணித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கையும் விரட்ட வேண்டும். கார்ட்டரும் டேவிஸும் இருக்கும் அணிக்கு அது பொருந்தும். நடுவில் பலமில்லாத அணி இதே ஆளை எடுத்தால் எதிரணி ஓடியே ஜெயிக்கும்.

3. எண்களையும் ஆளையும் பிரித்துப் பாருங்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். எனக்கும் இது பிடிபட நாளாயிற்று.

"அவருடைய தற்காப்பு முதலிடம்" என்று ஒரு செய்தி வரும். உடனே நமக்கு ஆசை வந்துவிடும். பிராண்டன் ஸ்டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் ராம்ஸ் டிசியாக ஒரே ஒரு சீசன். புள்ளி, யார்டு இரண்டிலும் அவர் தற்காப்பு முதலிடம். அந்த வேகத்தில் சார்ஜர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2021இல் சார்ஜர்ஸ் புள்ளி விட்டுக்கொடுத்ததில் 29ஆம் இடம். அவர் மோசமான பயிற்சியாளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராம்ஸில் அவரிடம் ஏரன் டோனால்டும் ஜேலன் ராம்சியும் இருந்தார்கள் என்பதை எடை போடாமல் அந்த முதலிடத்தைப் படிக்கக் கூடாது.

இரண்டாவது பொறி, பந்து பறிப்பு. ஃபேஞ்சியோவின் 2018 சிகாகோ பேர்ஸ் 36 முறை பந்தைப் பறித்து லீக்கில் முதலில் நின்றது. அவர் டென்வருக்குப் போனதும் 2019இல் அது 19. பாதிக்குப் பக்கமாக விழுந்தும், விட்டுக்கொடுத்த புள்ளியில் பேர்ஸ் முதல் ஐந்து இடத்துக்குள்தான் இருந்தது. கீழே விழுந்த பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது எந்த டிசியின் கையிலும் இல்லை. பந்து பறிப்பு எண்ணை மட்டும் காட்டி ஒருவரைப் புகழும் கட்டுரையை நான் மூடிவிடுவேன்.

மூன்றாவது, சாக். 70 சாக் எடுத்த அதே கேனன் தற்காப்பு சூப்பர் பவுலில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவைகூட வீழ்த்தவில்லை. இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் 24 புள்ளி எடுத்தது. நான்காம் கால்பகுதியில் வந்த இரண்டு டச்டவுனை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் வலது ஓரத்தில் கடேரியஸ் டோனி. ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) முன் உள்பக்கம் ஓடத் தொடங்குகிறார். எங்கள் ஆட்கள் "இவரை நீ பார்த்துக்கொள்" என்று கைமாற்றத் தொடங்குகிறார்கள். ஸ்னாப் ஆகும் நேரத்தில் டோனி சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பி வெளியே ஓடுகிறார். சுற்றிலும் ஒருவருமில்லை. சில நிமிடம் கழித்து அதே வித்தை, இந்த முறை இடது ஓரத்தில் ஸ்கை மூர். மறுபடியும் ஒருவருமில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை விழுந்த அந்தக் காட்சி, 70 சாக் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது: எதிரணி புதிதாக ஒன்று கொண்டுவந்தால் அந்தத் தற்காப்பு அதே ஆட்டத்துக்குள் பதில் கண்டுபிடித்ததா?

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் பார்க்கும் வரிசை இது. முதலில் அவர் உண்மையிலேயே பிளே கால் செய்தாரா. அப்புறம் ஒரு பிளேக்கு இபிஏ (எதிர்பார்க்கும் புள்ளியை ஒரு பிளே எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்ற கணக்கு), அதுவும் முதல் இரண்டு டவுனில் மட்டும், ஏனென்றால் மூன்றாம் டவுன் எண்கள் வருடா வருடம் ஆடும். அப்புறம் எந்தக் குவார்ட்டர்பேக்குகளை எதிர்கொண்டார். கடைசியாக, அவர் போன பிறகு பழைய அணி எப்படி ஆடியது, புது அணி எப்படி மாறியது. இந்தக் கடைசிக் கேள்வி பெரிய பெயர்களைக்கூடத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

கருவிகள்: பழைய எண்களுக்கு புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் ஒன்றே போதும். இபிஏவுக்கு என்எஃப்எல்வெர்ஸ் தரவு இலவசம், கொஞ்சம் ஆர் மொழி தெரிந்தால் உங்களுக்கு வேண்டியபடி வெட்டி எடுக்கலாம். ஆட்டக்காரருக்கு மார்க் போடும் தளங்களை நான் டிசி தேர்வுக்குப் பயன்படுத்துவதில்லை. அந்த ஆட்டக்காரரிடம் டிசி என்ன வேலை சொன்னார் என்பது மார்க் போடுபவருக்குத் தெரியாது.

4. ஃபிலிம் பாருங்கள், ஆனால் மூன்றே ஆட்டம்

தொலைக்காட்சிக் காட்சி இதற்கு உதவாது, அதில் சேஃப்டிகள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் ஆல்-22 காட்சி வேண்டும். அது என்எஃப்எல் பிளஸ் பிரீமியம் சந்தாவில் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால்கூடப் போதும்.

நல்ல குவார்ட்டர்பேக்குக்கு எதிராக ஒன்று, தோற்றது ஒன்று, சீசனின் கடைசி மாதத்தில் ஒன்று. ஒவ்வொரு பிளேயிலும் ஸ்னாப்புக்கு ஒரு நொடி முன் நிறுத்துங்கள். சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். ஓட விடுங்கள். ஸ்னாப்புக்குப் பிறகு எங்கே போனார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பத்தியும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், குவார்ட்டர்பேக்கும் அதையேதான் படித்துக்கொண்டிருக்கிறார். ஃபேஞ்சியோ தற்காப்பில் இருவரும் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்பார்கள். ஸ்னாப் ஆன பிறகுதான் ஒருவர் இறங்குவார், அல்லது இருவருமே இருப்பார்கள். எது என்று முன்கூட்டித் தெரியாது.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கைகாட்டிக்கொண்டு தடுமாறுகிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும் ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்குத்தான் டிசியின் குரல் கேட்கும், அதுவும் பிளே கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது துண்டிக்கப்படும். அதற்குள் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு நீளமான முறை எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் களத்தில் வேலைக்கு ஆகாது.

5. விதிகள்

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வேறு அணியில் ஒப்பந்தத்தில் இருக்கும் டிசியை நீங்கள் டிசியாகவே கேட்டால் அந்த அணி மறுக்கலாம். ஆனால் அங்கே கீழ்நிலைப் பயிற்சியாளராக இருப்பவரை உண்மையான கோஆர்டினேட்டர் பதவிக்குக் கூப்பிட்டால், 2020இல் வந்த விதிப்படி நேர்காணலைத் தடுக்க முடியாது. சிறுபான்மையினரையும் நேர்காணல் செய்ய வேண்டும் என்ற ரூனி விதியும் அதே ஆண்டு கோஆர்டினேட்டர் பதவிகளுக்கு விரிந்தது. ரசிகர்கள் போடும் கனவுப் பட்டியலில் பாதி இந்த முதல் விதியிலேயே அடிபட்டுப்போகும்.

6. கூட யார் வருகிறார்கள்?

ஒரு டிசி தனியாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. ஃபேஞ்சியோவுடன் பின்வரிசைக்கு கிறிஸ்டியன் பார்க்கர் வந்தார், டென்வரில் அவரோடு வேலை பார்த்தவர். முன்வரிசைக்கு கிளின்ட் ஹர்ட், அதற்கு முன் சியாட்டிலில் டிசியாகவே இருந்தவர். முறை தெரிந்த இரண்டு பேர் ஏற்கெனவே அறைக்குள் இருந்ததால் ஆட்டக்காரர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஷான் தேசாய் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021இல் பேர்ஸில் அவர் டிசி ஆனபோது, என்எஃப்எல்லில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளிக்காரர். கல்வியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2023 டிசம்பரில், அணி 10-3 என்று இருந்தபோது, பிளே கால் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து பட்ரிசியாவிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆட்டமே சியாட்டிலில். சியாட்டில் குவார்ட்டர்பேக் டிரூ லாக் கடைசி நிமிடங்களில் 92 யார்டு நடந்து வந்து ஜெயித்துவிட்டுப் போனார். சீசன் நடுவில் குரலை மாற்றினால் ஆட்டக்காரர்கள் இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சரிவை முழுக்க தேசாய் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

7. முடிவெடுத்த பிறகு ஐந்து வாரம் கொடுங்கள்

2024இல் ஃபேஞ்சியோவின் தொடக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் அட்லாண்டாவின் கர்க் கசின்ஸ் கையில் டைம்அவுட் ஒன்றுகூட இல்லாமல் கடைசி நேரத்தில் 70 யார்டு வந்து 22-21 என்று ஜெயித்தார். நான்காம் வாரம் டாம்பாவில் 33-16 தோல்வி. அணி 2-2. அப்போதே அவரை அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. ஓய்வு வாரம் முடிந்ததும் புது ஆட்டக்காரர் கூப்பர் டிஜீனை நிக்கல் இடத்தில், அதாவது ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்காக இறக்கினார். முன்பு நியூ ஆர்லியன்ஸ் அணியில் பெரும்பாலும் உதைகளின்போது இறங்கும் சிறப்பு அணியில் ஓடிக்கொண்டிருந்த ஸாக் பான் நடு லைன்பேக்கராக மாறி, சீசன் முடிவில் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம்பிடித்தார். அதன்பின் 13 ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி. மிகக் குறைந்த யார்டு விட்டுக்கொடுத்த அணி நாங்கள்தான்.

2025 பிப்ரவரி 9 சூப்பர் பவுலில் அதே சீஃப்ஸ், அதே மஹோம்ஸ். ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல் ஆறு சாக். முதல் பாதியில் சீஃப்ஸ் எடுத்தது மொத்தமே 23 யார்டு. டிஜீன் தன் 22ஆம் பிறந்தநாளில் மஹோம்ஸின் பந்தைப் பிடித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். முடிவு 40-22.

பிற்சேர்க்கை: "எங்கள் அணி 4-3 ஆடுகிறது, 3-4 ஆள் வந்தால் பாதிப் பேரை மாற்ற வேண்டாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். 4-3 என்றால் முன்வரிசையில் நான்கு பேர், மூன்று லைன்பேக்கர்; 3-4 என்றால் அதற்கு நேர்மாறு. முதல் பதிப்பில் இதை விட்டுவிட்டேன், எனவே இங்கே. இன்று பெரும்பாலான பிளேயில் தற்காப்பு ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளோடு நிக்கல் அமைப்பில்தான் நிற்கிறது. அப்போது முன்னால் இருப்பது இரண்டு நடு ஆள், ஓரத்தில் நிற்கும் இரண்டு எட்ஜ், இரண்டு லைன்பேக்கர். பெயர் 3-4 ஆனாலும் 4-3 ஆனாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வரும் டிசி நிக்கல் ஆளிடம் என்ன எதிர்பார்ப்பார், அந்த வேலைக்கு உங்கள் அணியில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏப்ரல் டிராஃப்டில் உங்கள் அணி எந்தப் பக்கம் போகும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 2024இல் எங்கள் முதல் இரண்டு தேர்வுமே, குவின்யன் மிட்செலும் டிஜீனும், பின்வரிசைக்குத்தான்.