தங்க முள்ளா, சிவப்பு முள்ளா: கிராப்பி பிடிப்பதில் நிறத்தை வைத்துச் செய்யும் தவறுகள்

அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்களிடம் எந்த நிறத் தூண்டில் முள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். போன வாரம் சிவப்பு முள்ளில்தான் அடித்தது என்பார் ஒருவர். தங்க நிறத்தைத் தவிர வேறெதையும் தண்ணீரில் இறக்கமாட்டேன் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பொய்யில்லை. சிவப்பு முள்ளில் மீன் சிக்கியது உண்மை. சிவப்பாக இருந்ததால்தான் சிக்கியதா என்பதுதான் கேள்வி. நிறத்தால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். ஆனால் கம்பியின் கனம், இரை நிற்கும் ஆழம், முனையின் கூர்மை, முடிச்சு உட்காரும் இடம் இவை உண்டாக்கும் வித்தியாசத்தில் அது அடிபட்டுப் போகும். இவற்றைச் சரிசெய்யாமல் நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

நிறத்தை மாற்றுவதாக நினைத்து முள்ளையே மாற்றுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். கடையில் தங்க நிறத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஆபர்டீன் வகை முட்கள்: நீண்ட தண்டு, மெல்லிய கம்பி, அகன்ற வளைவு. சிவப்பில் கிடைப்பவற்றில் பல, குட்டைத் தண்டும் தடித்த கம்பியும் கொண்ட ஆக்டோபஸ் வகை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கட்டும்போது நிறத்தோடு கம்பியின் கனம், எடை, வளைவின் அகலம் எல்லாமே மாறிவிடுகின்றன.

இதன் விளைவு முதலில் உயிர் இரையில் தெரியும். கிராப்பிக்குப் போடும் மின்னோ ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை இருக்கும் பொடிமீன். தடித்த முள்ளில் மாட்டினால் துளை பெரிதாகும், எடை தலையைக் கீழே இழுக்கும், கொஞ்ச நேரத்தில் அது நீந்துவதை விட்டுத் தொங்கத் தொடங்கும். மெல்லிய ஆபர்டீனில் மாட்டியது துடித்துக்கொண்டே இருக்கும். கிராப்பி துடிக்கிற மின்னோவைத் தேடி வரும். பார்ப்பவர் தங்க நிறத்துக்கு வந்தது என்று எழுதிக்கொள்வார்.

அடுத்து, சிக்கல். கிராப்பி கூட்டம் கூட்டமாக நிற்பது மூழ்கிய மரக்கிளை, புதர், அடிமரங்களுக்குள். டென்னசியின் ரீல்ஃபுட் ஏரி போன்ற இடத்தில் தண்ணீருக்கடியில் நெடுக சைப்ரஸ் மரங்களின் அடிக்கட்டைகள்தான். மெல்லிய முள் கிளையில் மாட்டினால், தங்கூஸை (தூண்டில் நரம்பை) கையில் சுற்றாமல் ராடை (தூண்டில் கோலை) நேராக நீட்டி, ரீலை விரலால் அழுத்திப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறட்டால் வளைவைப் பழையபடி மடக்கி, முனையைச் சரிபார்த்து உடனே இறக்கலாம். இரண்டு, மூன்று முறை நிமிர்ந்த முள்ளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் கம்பி தளர்ந்திருக்கும், பெரிய மீன் வரும்போது திறந்துகொள்ளும். தடித்த முள் நிமிராது. தங்கூஸ்தான் அறும். புதிதாகக் கட்ட வேண்டும், இழுத்த இழுப்பில் புதர் குலுங்கி மீனும் விலகியிருக்கும். ஆக, தங்க முள்காரரின் இரை அதிக நேரம் தண்ணீரில் இருக்கிறது. அவர் கணக்கில் அதிக மீன் வருவதற்கு அதுவே போதும்.

நிறத்தைத்தான் சோதிக்க வேண்டுமென்றால் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, ஒரே அளவு (2 அங்குல மின்னோவுக்கு 2 அல்லது 4ஆம் எண்), நிறம் மட்டும் வேறாக இருக்கும் முட்களை வாங்குங்கள். இரண்டும் அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: குத்தி நின்றால் கூர்மை இருக்கிறது, வழுக்கினால் இல்லை. வண்ணம் பூசிய முட்களில் சிலவற்றின் முனையில் பூச்சு தடித்து, புதிதாக இருக்கும்போதே வழுக்கும். அதைச் சாணைக்கல்லில் இரண்டு முறை தேய்க்காமல் வைத்துச் சோதித்தால் மழுங்கிய முள்ளைத்தான் சோதிக்கிறீர்கள்.

ஒரே தங்கூஸில் மேலே ஒன்று, கீழே ஒன்று

கிராப்பிக்கு இரண்டு முள் கட்டிய அமைப்பு மிகவும் பழக்கமானது. ஈயத்துக்கு மேலும் கீழுமாக, ஒன்றரை முதல் 2 அடி இடைவெளியில் இரண்டு முட்கள் தொங்கும். மேல் முள்ளைத் தங்க நிறத்திலும் கீழ் முள்ளைச் சிவப்பிலும் கட்டிவிட்டு, எது அதிகம் பிடிக்கிறது என்று பார்ப்பவர்கள் நிறைய. அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு ஆழங்கள். கிராப்பி 12 அடியில் நிற்கும் நாளில் 11 அடியில் இருக்கும் முள்தான் ஜெயிக்கும், அது என்ன நிறமாக இருந்தாலும். இந்த அமைப்பில் சோதிப்பதானால் ஒவ்வொரு ஐந்து மீனுக்கும் மேல், கீழ் நிறங்களை மாற்றிக் கட்டுங்கள்.

இரண்டு ராடு வைத்தாலும் இதே கதைதான். படகின் இடது மூலையில் இருக்கும் ராடு புதரின் மேலும் வலது மூலை ராடு வெட்டவெளியிலும் தொங்கலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மினசோட்டாவில் உறையாத நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ராடில் நிறத்தை மாற்றி மாற்றிக் கட்டுவது ஒரு வழி, துணைக்கு இன்னொருவரை வைத்துக்கொள்வது இன்னொரு வழி.

பன்னிரண்டுக்கு எட்டு என்றால் வெற்றியா?

20 மீன் பிடித்து, 12 தங்கத்திலும் 8 சிவப்பிலும் வந்தால் பெரும்பாலானவர்களுக்கு விஷயம் முடிந்துவிடும். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை, நாணயம் சுண்டுவது போலத்தான் மீன் விழுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 மீனில் 12-8 அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி ஏதாவதொரு பக்கம் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 15-5 வந்தால்தான் அது 4 சதவீதமாகக் குறைகிறது. 100 மீன் பிடித்து 60-40 வந்தாலும் தற்செயலுக்கு இன்னும் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இடமுண்டு. ஒரு காலைப்பொழுதின் பிடிப்பை வைத்து நிறத்துக்குத் தீர்ப்பு எழுதவே முடியாது. வெவ்வேறு நாட்கள், வெவ்வேறு வெளிச்சம், குறைந்தது 100 கடி என்று குறித்து வைத்தால் பேசலாம்.

எண்ண வேண்டியதும் கடியைத்தான், படகுக்குள் வந்த மீனை அல்ல. நிறம் செய்யக்கூடியது மீனைக் கடிக்க வைப்பது மட்டும். கடித்த மீன் கழன்று போனால் அது முனை, வளைவு, இழுத்த கை இவற்றின் கணக்கு.

சிவப்பு மறைந்துவிடும் என்ற அரைகுறைப் பாடம்

தண்ணீருக்குள் முதலில் மறைவது சிவப்பு, அதனால் சிவப்பு முள் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு கட்சி. சிவப்பு ரத்தம் போலத் தெரியும், அதனால் மீன் பாயும் என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் தண்ணீரின் நிறத்தைக் கேட்பதில்லை. தெளிந்த நீரில் சிவப்பு ஒளி வேகமாக உறிஞ்சப்படுவது உண்மை. 15 அடிக்குள் பெருமளவு மங்கி, சிவப்புப் பொருள் கருஞ்சாம்பலாகத் தெரியும். மிசௌரி, ஆர்க்கன்சா எல்லையில் இருக்கும் டேபிள் ராக், புல் ஷோல்ஸ் ஏரிகளுக்கு இது பொருந்தும். ஆனால் இலைச் சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீரில் முதலில் போவது நீலமும் பச்சையும். மிஞ்சி இறங்குவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளிதான். அங்கே சிவப்பு, நீலத்தைவிட நன்றாகவே தெரியும். மிசிசிப்பியின் கிரனேடா ஏரி போலக் கலங்கிக் கிடக்கும் நீரில் எந்த நிறமானாலும் சில அடிக்கு மேல் போகாது. அங்கே முள்ளின் நிறத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, பருமனான ஜிக்கை (ஈயத் தலை வைத்த முள்ளில் மாட்டிய செயற்கை இரையை) மெதுவாக, மரத்தை ஒட்டி நிறுத்துவதுதான் வேலை.

தண்ணீரைச் சோதிப்பது சுலபம். வெள்ளை ஜிக் ஒன்றை நிழல் பக்கம் இறக்கி, எத்தனை அடியில் மறைகிறது என்று பாருங்கள். ஒரு அடிக்குள் மறைந்தால் கலங்கல். 6 அடி தாண்டியும் தெரிந்தால் தெளிவு.

மீனின் கண்ணும் நம் கண் அல்ல. கிராப்பியின் குடும்பத்தைச் சேர்ந்த லார்ஜ்மவுத் பாஸை வைத்து இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையில், அதற்குச் சிவப்புக்கும் பச்சைக்குமான இரண்டு வகைக் கூம்பணுக்களே (கண்ணில் நிறத்தை உணரும் செல்களே) இருப்பது தெரிந்தது. சிவப்பை நன்றாகப் பிரித்தறிந்த அந்த மீன், பளிச்சென்ற இளமஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டது. கிராப்பிக்கும் இதுவே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெட்டியில் நம் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும் எல்லா நிறமும் மீனுக்கும் வேறுவேறு என்று நம்புவதை நிறுத்த இது போதும். கருக்கலிலும் இரவு விளக்கடியிலும் நிறம் இன்னும் பின்னுக்குப் போய், வெளுப்பா கறுப்பா என்ற வேறுபாடுதான் நிற்கும்.

முள் எங்கே தெரிகிறது?

2 அங்குல ரப்பர் உடல் மாட்டிய 1/16 அவுன்ஸ் ஜிக்கில் முள்ளின் தண்டு உடலுக்குள் புதைந்துவிடும். வெளியே தெரிவது வளைவும் முனையும்தான். அந்தச் சிறு துண்டின் நிறத்துக்குக் காசு செலவழிப்பதைவிடத் தலை, உடல், வால் நிறத்தை மாற்றிப் பார்ப்பது மேல். மின்னோவை உதட்டில் மாட்டும்போது கதை வேறு. ஆபர்டீனின் நீண்ட தண்டு முழுவதும் வெளியே இருக்கும், தெளிந்த நீரில் வெயில் பட்டுத் தங்க நிறம் மினுங்கும். முள்ளின் நிறம் ஏதாவது செய்யக்கூடிய இடம் இருந்தால் அது இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஜிக் எப்படித் தொங்குகிறது என்பதை அதைவிட அக்கறையாகப் பார்க்க வேண்டும். செங்குத்தாக இறக்கும்போது ஜிக் கிடைமட்டமாக நிற்க வேண்டும், நீந்தும் பொடிமீனைப் போல. முடிச்சு முள் கண்ணின் முன்பக்கம் நழுவினால் ஜிக் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும் முடிச்சை விரலால் கண்ணின் உச்சிக்குத் தள்ளி, ஜிக்கைக் காற்றில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டே இறக்குங்கள். இதைச் செய்யாமல் கடி நின்றதும் நிறத்தை மாற்றுகிறவர், மாற்றும்போது புது முடிச்சுப் போடுகிறார், ஜிக் நேராகிறது, மறுபடி கடி வருகிறது, பெயர் புது நிறத்துக்குப் போகிறது.

ஆழத்தை ஊகித்துவிட்டு நிறத்தைத் தேடுவது

கிராப்பியின் கண் தலையில் மேலேறி இருக்கிறது. அது மேலே பார்த்து இரை எடுக்கும் மீன். அதற்கு ஒரு அடி மேலே இருக்கும் இரைக்கு ஏறி வரும், ஒரு அடி கீழே இருப்பதை அநேகமாகக் கவனிக்காது. சோனாரில் மீன் 10 அடியில் தெரிந்தால் இரை 9 அடியில் நிற்க வேண்டும். 10 அடி ராடில் இரையை ரீல் வரை தொங்கவிட்டு, ராடின் நுனியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து இறக்கினால் சுமார் 9 அடி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையே ஒரு இழுப்பில் எத்தனை அங்குலம் வருகிறது என்று டேப்பால் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, இழுப்புகளை எண்ணி விடுங்கள். காற்றில் படகு நகர்ந்தால் 1/16 அவுன்ஸ் ஜிக் பின்னுக்குச் சாய்ந்து மேலேறும். தங்கூஸ் செங்குத்தாக இல்லையென்றால் எண்ணிய ஆழம் பொய். அப்போது படகைக் கட்டுங்கள், அல்லது ஜிக்குக்கு ஒன்றரை அடி மேலே அரை அவுன்ஸ் ஈயம் சேருங்கள்.

கடி வந்ததும் பாஸுக்கு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தால் கிராப்பியின் காகிதம் போன்ற உதட்டோரம் கிழிந்துவிடும். முனை கூராக இருந்தால் மணிக்கட்டை ஆறு அங்குலம் உயர்த்தினாலே போதும். பிறகு ராடின் வளைவு தளராமல் ஒரே சீராக மேலே கொண்டுவந்து, படகோரத்தில் தூக்காமல் வலையில் எடுங்கள்.