கட்டைக்குள்ள வண்டு நடத்துற பூஞ்சை விவசாயத்தைப் பார்ப்பது எப்படி

மரத்துல ஓட்டை பார்த்தா உடனே "வண்டு மரத்தைத் தின்னுடுச்சு"ன்னு சொல்லிடறோம்ல, அம்ப்ரோசியா வண்டு விஷயத்துல அது தப்பு, அது மரத்தைக் குடையும் ஆனா தின்னாது, குடைஞ்ச சுரங்கத்துச் சுவர்ல பூஞ்சையை வளர்த்து அதைத்தான் சாப்பிடும். 1836-ல ஷ்மிட்பெர்கர்னு ஒருத்தர் சுவர்ல இருந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்து கிரேக்கக் கதைகள்ல வர்ற தேவர்களோட உணவுன்னு அம்ப்ரோசியான்னு பேர் வச்சாரு, அது பூஞ்சைன்னு தெரிஞ்சது 1844-ல, ஹார்டிக்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் சொல்லித்தான்.

முதல்ல கட்டை. காஞ்சு கிடக்கிறது வேலைக்கு ஆகாது, ஈரம் போனா பூஞ்சை செத்துரும். வெட்டி கொஞ்ச நாள் ஆன கட்டை, இல்ல பட்டுப்போக ஆரம்பிச்ச கிளை தேடுங்க. வாடுற மரத்துல இருந்து எத்தனால் வாசம் வரும், நிறைய வகை வண்டுங்க அதை மோப்பம் பிடிச்சுதான் வரும்.

வெளிய என்ன தெரியும்னா குண்டூசித் தலை சைஸுல வட்டமா ஓட்டை, பக்கத்துல வெள்ளைத் தூள். சில வகைங்க தூளை அழுத்தித் தள்ளுறதால பல்குச்சி மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், தொட்டா உதிர்ந்துடும், அதனால போட்டோ எடுத்துட்டு தொடுங்க.

இப்ப ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ரம்பத்தால அறுத்துட்டு, உளியை நார் போற வாக்குல வச்சு மெதுவா தட்டிப் பிளங்க. அவசரப்பட்டா எல்லாம் நசுங்கிடும் (முதல் கட்டையை நான் அப்படித்தான் கெடுத்தேன்). சுரங்கம் பட்டையைத் தாண்டி மரத்துக்குள்ளயே போகணும், சுவர் கருப்பாவோ பழுப்பாவோ கறை பிடிச்சிருக்கணும், அந்தக் கறைதான் முக்கியமான அடையாளம், பூஞ்சையோட வேலை அது. சுவர் வெளுப்பா, உள்ள மாவு மாதிரி தூள் அடைஞ்சிருந்தா அது காஞ்ச மரத்தைத் தின்னுற வேற வண்டு.

லென்ஸ் வச்சுப் பார்த்தா சுவர்ல வெள்ளையா மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும், பக்கத்துல காலில்லாத வெள்ளைப் புழுங்க. விதை எங்கருந்து வந்துச்சுன்னா தாய் வண்டு உடம்புலயே மைகாஞ்சியான்னு ஒரு பை, பிறந்த கூட்டுல இருந்து பூஞ்சை வித்தை அதுல எடுத்துட்டு வந்துதான் புதுக் கட்டையில விதைக்கும். பூஞ்சைக்கு வண்டி கிடைக்குது, வண்டுக்கு சோறு கிடைக்குது. தாய் செத்துட்டா களைப் பூஞ்சைங்க ஏறி பண்ணையே நாசமாயிடும், அதனால பச்சையா கருப்பா பூசணம் பிடிச்ச சுரங்கம் கிடைச்சா அது கைவிட்ட பண்ணையா இருக்கலாம். ஒரே கூட்டுல பத்துப் பதினஞ்சு வண்டு இருந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் சின்னதா பறக்க முடியாம இருந்தா ஆச்சரியப்படாதீங்க, சைலெபோரஸ் மாதிரி வகைங்கள்ல அதுதான் ஆண், கூடப் பிறந்ததுங்களோடவே ஜோடி சேரும்.

ஒரு விஷயம், பிளந்த கட்டையை ஞாபகத்துக்குன்னு வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. ஆசியாவுல இருந்து போன ஒரு சின்ன வண்டு 2002-ல அமெரிக்காவோட ஜார்ஜியாவுல சிக்குச்சு, அது சுமந்துட்டுப் போன பூஞ்சை அங்க ரெட்பே மரங்களைக் கூட்டம் கூட்டமா சாகடிச்சு அவகாடோ தோட்டம் வரைக்கும் போயிடுச்சு. பார்த்து முடிச்சதும் எடுத்த இடத்துலயே போட்டுடுங்க.