செல்ஃப் எடுக்காத வேன்
எங்கள் வேனுக்கு 19 வயது. போன மாதம் ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிவிட்டால் மட்டும் ஓடியது. ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும் என்று மெக்கானிக் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேட்டரி மாற்றி ஆறு மாதம்கூட ஆகாததால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரி, செலவு செய்வதற்கு முன் அளந்து பார்ப்போம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

பேட்டரியில் 12.6 வோல்ட், குறையில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் போட்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 2.1 காட்டியது. கோளாறு மோட்டாரில் இல்லை, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரில்!

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி வைத்துவிட்டு (10 எம்எம் ஸ்பேனர் வழக்கம்போலக் காணவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கினேன்) எர்த் போல்ட்டைத் திருகி எடுத்தால் அடியில் முழுக்கத் துருவும் பச்சைப் பொடியும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, நன்றாக இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.2. அன்றிலிருந்து ஒரே திருப்பில் எடுக்கிறது. செலவு, உப்புத்தாள் விலை மட்டும்.