பழைய கேமிங் கணினி: மேம்படுத்துவதா, மாற்றுவதா?

புதிதாக வந்த விளையாட்டு ஒன்று திணறத் தொடங்கியதும், கணினிக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்ற எண்ணமே பலருக்கும் முதலில் எழுகிறது. வயதை மட்டும் வைத்து இம்முடிவை எடுப்பது சரியல்ல. 2018இல் ஒரே மாதத்தில், ஏறத்தாழ ஒரே விலையில் வாங்கிய இரு கணினிகளுள் ஒன்றை ஓரிரு பாகங்களை மாற்றி இன்றும் நிமிர்த்திவிட முடியும். மற்றொன்றில் எதை மாற்றினாலும் பணம்தான் கரையும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுதான்.

அதற்குச் செல்லும் முன், பெரிய செலவின்றித் தீரக்கூடிய குறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கோடையில் என் கணினி, பத்து நிமிடம் விளையாடினாலே வேகம் குறைந்து இழுக்கத் தொடங்கியது. கேபினெட்டைத் திறந்து ப்ராசஸர் விசிறியைக் கழற்றியபோது, அதற்கும் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்து, அப்படியே உரித்தெடுக்கும் பதத்தில் இருந்தது. ஒரு பெயின்ட் பிரஷ்ஷும், ப்ராசஸரின் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சிறிதும் போதுமானவையாக இருந்தன. 96 டிகிரிவரை ஏறிய வெப்பம் 78இல் நின்றது. ராமையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 3200 வேகத்துக்கென வாங்கிய டிடிஆர்4 வகை ராம், பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருளில்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்காதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஸ்டிக்காகப் போட்டிருந்தால், ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே இருக்கும் இரண்டு பாதைகளில் ஒன்று வெறுமனே கிடக்கும்.

இதற்குப் பிறகும் திணறல் நீடித்தால், எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்கவைக்கிறது என்று கண்டறிய வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, திரையின் வேகத்தோடு விளையாட்டைக் கட்டிவைக்கும் வி-சிங்க்கையும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள்) வரம்பையும் அணைத்துவிட்டு, விளையாட்டில் வழக்கமாகத் திணறும் அதே இடத்துக்குச் சென்று, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 95க்கு மேலேயே நின்றால், கார்டு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. 60, 70 என்று அலைந்தால், ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்து மீண்டும் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் தடை பெரும்பாலும் ப்ராசஸரிலோ ராமிலோ இருக்கிறது, அந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கிச் செருகினாலும் அது பாதி நேரம் சும்மாதான் இருக்கும். கார்டு விற்கும் கடைக்காரர் எவரும் இச்சோதனையைச் செய்துவிட்டு வரச் சொல்லி நான் கேட்டதில்லை.

முன்னர் சொன்ன இரு கணினிகளுக்கு வருவோம். இரண்டிலும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. ஒன்றில் ரைசன் 5 2600, பி450 போர்டு. மற்றதில் இன்டெல் ஐ5 7400, பி250 போர்டு. ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம், ப்ராசஸரைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட்டைப் பல தலைமுறைகளுக்கு நீட்டித்ததால், முதல் கணினியில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த ரைசன் 5 5600ஐயோ, கிடைத்தால் 5700எக்ஸ்3டியையோ, அதே போர்டில் அதே ராமுடன் பொருத்திவிடலாம். இரண்டாவதில் ஏறக்கூடிய உச்சம் 2017இல் வந்த ஐ7 7700கே மட்டுமே. அதற்கடுத்த தலைமுறையின் சாக்கெட்டுக்கும் 1151 என்றே பெயர் என்றாலும், அந்தத் தலைமுறை ப்ராசஸர் இந்தப் போர்டில் இயங்காது. போதாக்குறைக்கு, ஐ5 7400, ஐ7 7700கே ஆகிய இரண்டுமே விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே பழைய ஐ7ஐ செகண்ட் ஹேண்டில் தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றுவது என்றாலும், எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ப்ராசஸர், போர்டு, ராம் ஆகிய மூன்றும் சேர்ந்தே போகும், சேர்ந்தே வரும். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கேபினெட், மானிட்டர், மின்சாரம் வழங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஆகியவை அடுத்த கணினிக்கும் உடன் வரும். ஆகவே ஐயம் இருக்கும்போது கார்டுக்குச் செய்யும் செலவு வீணாவது குறைவு. 1060 கார்டில், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லை. 2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' போன்ற விளையாட்டுகள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060 இழுக்கும் மின்சாரம் 115 வாட், அதாவது 1060ஐவிடச் சற்றுக் குறைவு. எனினும் 1060 பெரும்பாலும் 6 முனை இணைப்புடன் வந்தது, 4060 பெரும்பாலும் 8 முனை கேட்கும், எனவே எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை வாங்கிவிட வேண்டாம். அது பிசிஐஇ பாதைகளுள் (கார்டைப் போர்டுடன் இணைக்கும் தரவுப் பாதைகளுள்) நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், அப்பாதைகள் மெதுவாக இயங்கும் பி450 போன்ற பழைய போர்டுகளில் வெகுவாகத் தளர்ந்துவிடும்.

விலைக் கணக்கில் நான் பின்பற்றும் அளவு ஒன்று உண்டு: வாங்க வேண்டிய பாகங்களின் கூட்டுத்தொகை புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால், மேம்படுத்தும் எண்ணத்தைக் கைவிடுவேன். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இந்தப் பாதிக் கணக்கையும் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். கையிலிருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 அங்கே பயன்படாது, அதே ராமை ஏஎம்4இல் வைத்துக்கொண்டால் அந்தச் செலவு முழுவதும் மிஞ்சும்.

ப்ராசஸரை மட்டும் மாற்றுவதென்று முடிவானால், பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸுக்குப் புதிய ப்ராசஸரை அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். புதுப்பிக்கும் நடுவில் கரன்ட் போனால் போர்டே உயிரற்றுப் போகக்கூடும் என்பதால், அந்த ஐந்து நிமிடத்துக்காவது கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்திருங்கள்.